இரண்டாம் குழாய்

நுண்ணுயிரியல் படித்த நாற்பது பேர் அந்த ஒரு வேலைக்கு வந்து நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கோப்பும் கையுமாக உள்ளே போனவர்களிடம் பேராசிரியை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தண்ணீர் நிரம்பிய ஒரு புட்டியையும் இருபத்து நான்கு சோதனைக் குழாய்களையும் காட்டி, "எல்லாத்துலயும் சமமா ஊத்து" என்றார், அவ்வளவுதான். முப்பத்தொன்பது பேர் ஒவ்வொரு குழாயையும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, ஊற்றி, யோசித்து, மறுபடி ஊற்றினார்கள். இவள் ஒருத்திதான் புட்டியைக் கீழேயே வைக்காமல் மடமடவென்று ஊற்றி முடித்தாள். இருபத்து நான்கிலும் ஒரே மட்டம். பேராசிரியை குழாய்களைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், "நாளைக்கே வந்துடு" என்றார்.

அந்தக் கைதான் பிற்பாடு ஒருத்தியின் காதைப் பறித்தது. கை மட்டும் செய்த வேலை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. கை செய்தது தெரியாமல் செய்தது. மிச்சத்தை அவள் முழு நினைவோடு செய்தாள்.

நெஞ்சு நோய் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்தது அந்த ஆய்வுக்கூடம். நோயாளிகள் இருமித் துப்பிய சளி, மூடி போட்ட டப்பாக்களில் காலையில் வந்து சேரும். அதில் காசநோய்க் கிருமி இருக்கிறதா, இருந்தால் எந்த மருந்துக்கு அடங்கும் என்று வளர்த்துப் பார்த்துச் சொல்வதுதான் அங்கிருந்தவர்களின் பிழைப்பு. ஃபினாயில் வாடை சுவரிலேயே ஊறிப்போயிருந்தது. முகமூடியின் வார் அழுத்தி அழுத்தி எல்லோர் கன்னத்திலும் இரண்டு கோடு விழுந்திருக்கும். பேராசிரியைக்கு அங்கே தராசு என்று பெயர். ஒரு சொல்லைக்கூட நிறுக்காமல் வாயை விட்டு வெளியே விடமாட்டார் என்பதால் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவர் வைத்த பெயர் அது. சேர்ந்த ஆறே மாதத்தில் இவள் குட்டித் தராசு ஆனாள். முதுகுக்குப் பின்னால் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. உள்ளூர மகிழ்ந்துபோனாள்.

தராசும் லேசுப்பட்டவர் அல்ல. அவள் எழுதிய முதல் கட்டுரையைப் பதினோரு முறை திருத்திக் கொடுத்தார். மாநாட்டில் பேசப் பயந்தவளை மேடைப் படி வரை தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போனார். அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்து படுத்தபோது வீடு தேடி வந்து, நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார். அவளுடைய அம்மா அன்றைக்கே அவரிடம் மயங்கிவிட்டாள். "உங்க மேடம் நூறு வருஷம் இருக்கணும்" என்பாள் நாளுக்கு ஒரு தரம். இத்தனைக்கும் அந்த வீட்டுக்கு வேறு யாரும் வருவதில்லை. கிருமியோடு புழங்குகிற பெண் என்று சொந்தக்காரர்கள் எட்டவே நின்றார்கள். சித்தி ஒருத்தி மட்டும் எப்போதாவது வருவாள். அவளும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விடுவாள்.

பேராசிரியையிடம் சொந்தமாக ஒரு வழக்கம் இருந்தது. சளியைக் கழுவிச் சுத்தம் செய்யும்போது ஒவ்வொரு குழாயிலும் பஃபர் என்கிற உப்புக் கரைசலை ஊற்ற வேண்டும். ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனிச் சின்னப் புட்டியில் கரைசலை வைத்துக்கொள்ளச் சொல்கிறது விதிப் புத்தகம். "கை நடுங்கறவங்களுக்கு எழுதுன புத்தகம் அது" என்பார் பேராசிரியை. அவருடைய கூடத்தில் ஒரே பெரிய புட்டி, ஒரே கை. இன்னொன்று, வேலை சரியாக நடக்கிறதா என்று சோதிக்க, ஏற்கெனவே தெரிந்த கிருமி ஒன்றையும் கூடவே ஓட்டுவார்கள். கன்ட்ரோல் என்று அதற்குப் பெயர். எந்த மருந்துக்கும் அசையாத முரட்டுக் கிருமி அது. ஊரெல்லாம் அதைக் கடைசிக் குழாயில் வைப்பார்கள். பேராசிரியை முதல் குழாயில் வைப்பார். முதலில் பழகிய கிருமியைத் தொட்டால் கை பதமாக இருக்குமாம். முப்பது வருடமாக ஒன்றும் ஆகவில்லை. அதாவது, ஒன்றும் ஆகவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் வருடம் அவளுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. மருந்துக்கு அடங்காத காசம் என்று சொல்லி வார்டில் சேர்த்த மூன்று பேருடைய கிருமிகளின் மரபணுக் கைரேகையும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றியிருக்கிறது என்று அர்த்தம். ஊருக்குள் முரட்டுக் கிருமி ஒன்று நடமாடுகிறது! பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கட்டுரையில முதல் பேரு உன்னோடது" என்றார். கடல் தாண்டி ஒரு பெரிய ஆராய்ச்சிக் கழகத்தில் தொற்றுநோய்ப் பிரிவில் இரண்டு வருட இடத்துக்கு அவள் அப்போதுதான் விண்ணப்பித்திருந்தாள். அந்தக் கட்டுரையும் பேராசிரியையின் சிபாரிசுக் கடிதமும் இருந்தால் இடம் அவளுக்குத்தான்.

மூன்று பேரும் எங்கே சந்தித்துக்கொண்டார்கள் என்று கண்டுபிடிப்பது அவள் பொறுப்பு. ஒருவர் காவலாளி, வயதானவர். அவள் விசாரிக்கப் போவதற்குள் செத்துப்போயிருந்தார். இன்னொருவன் பெயின்டர். ஊசி போட ஆரம்பித்த நான்காம் நாளே வார்டிலிருந்து சுவரேறிக் குதித்து ஓடியவன். மருந்தை மதிக்காத முட்டாள் என்று அவனுடைய தாளில் சிவப்பு மையில் எழுதாத குறைதான். தேடிப் பிடித்துப் போய்ப் பார்த்தால், ஏணி மேல் நின்று சீட்டியடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தான். ஒரு இருமல் இல்லை. நன்றாகச் சதை போட்டிருந்தான்.

மூன்றாவது ஆள் தையல்காரம்மா. ஐம்பது வயது இருக்கும். சொன்ன பேச்சைக் கேட்கிற ஜாதி. நான்கு மாதமாக வார்டில் இருந்துகொண்டு, ஒரு நாள் விடாமல் தினம் ஒரு ஊசி, கைப்பிடி நிறைய மாத்திரை. மாத்திரை வாந்தியில் வந்தால், இன்னொன்று கேட்டு வாங்கி விழுங்குவாள். ஊசி போட்டுப் போட்டு இடுப்பில் இடமில்லாமல் ஒருக்களித்தே உட்காருவாள்.

"யார்கிட்ட இருந்து வந்திருக்கும்னு நினைக்கறீங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று இவள் கேட்டாள்.

தையல்காரம்மா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், "என் தங்கச்சிதான். வருஷம் பூரா இருமிக்கிட்டே இருப்பா. கூடப் பொறந்தவளாச்சேன்னு ஒரே தட்டுல சாப்பிட்டேன் பாரு" என்றாள். அதோடு தங்கை பார்க்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தாள். தங்கையின் சளியை வாங்கிப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. தையல்காரம்மா நம்பவில்லை. நோய் எங்கிருந்தோ வந்துதானே இருக்க வேண்டும்?

அந்தக் கேள்வி குட்டித் தராசையும் குடைந்தது. மூன்று பேருக்கும் மூன்று மூலையில் வீடு. ஒரே பஸ்ஸில்கூடப் போனதில்லை. ஒரு மத்தியானம் பழைய பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள். மூன்று பேருடைய சளியும் ஒரே நாளில் கழுவப்பட்டிருந்தது. தையல்காரம்மா இரண்டாம் குழாய். காவலாளி மூன்று. பெயின்டர் நான்கு. முதல் குழாய் எது என்று பார்க்கவே தேவையில்லை, இருந்தாலும் பார்த்தாள். கன்ட்ரோல். நுரைத்த முதல் குழாயில் புட்டியின் வாய் பட்டிருக்கிறது. அங்கே ஒட்டிய கிருமி அடுத்த மூன்று குழாய்களில் கரைசலோடு இறங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு கரைசல் ஓடி ஓடியே வாய் கழுவப்பட்டுச் சுத்தமாகிவிட்டது. அன்றைக்கு ஊற்றியது யார் என்ற கட்டத்தில் அவளுடைய கையெழுத்து, வாலைச் சுழித்துக்கொண்டு அழகாக இருந்தது.

கன்ட்ரோலின் கைரேகையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். நான்கும் ஒன்று. தையல்காரம்மாவுக்கு அந்த நோயே இல்லை. எப்போதோ வந்த நெஞ்சுச் சளி தன் பாட்டுக்குப் போயிருக்கும். காவலாளிக்கும் இல்லை. அவருடைய நுரையீரலில் இருந்தது வேறு ஏதோ. அது என்னவென்று யாரும் தேடவில்லை, அதுதான் விடை கிடைத்துவிட்டதே.

பதிவேட்டோடு பேராசிரியையின் அறைக்கு ஓடினாள்.

"மேடம், மூணும் நம்ம கன்ட்ரோல்."

பேராசிரியை தாள்களை வாங்கி நிதானமாகப் பார்த்தார். "ஊத்துனது யாரு?"

"நான்தான் மேடம்."

"ம்." அவ்வளவுதான். வேறு யாராவது என்றால் கத்தியிருப்பார்கள். "கைரேகை பொருந்தறது ஒரு சாட்சி. ஒரே ஒரு சாட்சியை வச்சு மருந்தை நிறுத்தலாமா? நாளைக்கு நிஜமாவே அந்தக் கிருமி உள்ள இருந்து, அவங்க வீட்டுல நாலு பேருக்கு வந்தா நீ பதில் சொல்லுவியா, நான் சொல்லணுமா?"

"அந்தம்மாவுக்கு இப்பவே காதுக்குள்ள இரைச்சல் இருக்காம் மேடம். ஊசியாலதான். காது டெஸ்ட் பண்ற மெஷின் வேற ரிப்பேர்ல இருக்கு. தினம் தினம் ஊசி ஏறிக்கிட்டே போனா..."

"காதா உயிரான்னு கேட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. அது வார்டு வேலை. நம்ம வேலை என்ன? மிச்ச சளி ஃப்ரீசர்ல இருக்கில்ல, மறுபடி வளர்த்துப் பாரு. முடிவு வந்ததும் நானே எழுதிக் குடுக்கறேன். அதுவரைக்கும் இது இந்த ரூமோட இருக்கட்டும்." தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். "உன் லெட்டர் வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள போகணும்ல? எழுதிக்கிட்டிருக்கேன்."

மிரட்டலே இல்லை. குரலில் பாசம்கூட இருந்தது. அவர் மிரட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

இந்தக் கிருமி வளர்வது ஆமை வேகத்தில். இருந்தால் மூன்று வாரத்தில் தலைகாட்டிவிடும். இல்லை என்று எழுதத்தான் முழுசாக ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். ஆறு வாரம் என்றால் நாற்பத்திரண்டு ஊசி. ஒரு வேலையில் பழகிய ஆட்களுக்கு மட்டுமே வருகிற கிறுக்கு இது. வீடு தீப்பிடித்தால்கூட, தீதானா என்று இன்னொரு சோதனை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரைத் தேடுவார்கள். அவளுக்கு அது தெரியும். ஆய்வுக்கூடத்திலிருந்து வார்டுக்கு எண்பது அடி. வார்டு டாக்டரிடம் போய் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், மறுநாள் ஊசியை நிறுத்தி வைத்துவிட்டு யோசிப்பார். அவள் போகவில்லை. மறுசோதனை செய்வதுதான் முறை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். முறையும் கடிதமும் ஒரே வெள்ளிக்கிழமையில் வந்து நின்றது தற்செயல் என்றும் சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கடிதம் போனது. நகலை அவளிடம் காட்டினார் பேராசிரியை. 'என் முப்பது வருட அனுபவத்தில் இவ்வளவு பொறுமையான இளம் விஞ்ஞானியைக் கண்டதில்லை. எந்த நெருக்கடியிலும் அவசரப்பட்டு முடிவுக்குத் தாவமாட்டார்' என்று இருந்தது. அதைப் படித்தபோது அவளுக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் இரண்டாம் தடவையும் படித்தாள்.

மூன்றாவது வாரம் கண்ணாடி கழுவுகிறவர் கழுவிய குடுவைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "அந்தத் தையக்காரம்மா பாவம்மா. பின்னாடி தள்ளுவண்டி வர்றதுகூடக் கேக்கல. முந்தாநாள் இடிச்சுத் தள்ளிட்டாங்க."

குழாய்களில் அதுவரை ஒன்றும் முளைக்கவில்லை. இருந்திருந்தால் முளைத்திருக்கும். அவள் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வார்டுப் பக்கம் நடந்தாள். பாதி வழியிலேயே, மரத்தடி பெஞ்சில் தையல்காரம்மா யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா, டாக்டரம்மா" என்று சத்தமாகச் சிரித்தாள். "நேத்து தங்கச்சி வந்து வாசல்ல நின்னா. நான் பாக்கவே இல்லியே. செஞ்சதுக்கு அனுபவிக்கட்டும்."

சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது. தங்கையின் மேல் தப்பில்லை, யார் மேலும் இல்லை, எழுந்து வீட்டுக்குப் போங்கள். அந்தப் பெரிய கழகத்திலிருந்து அன்று காலையில்தான் நேர்காணலுக்குத் தேதி வந்திருந்தது. நேர்காணல் முடிகிற வரை தராசை முறைத்துக்கொள்ள முடியாது. ஒரு வாரம்தானே என்று நினைத்தாள். வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"மருந்தெல்லாம் ஒழுங்கா எடுக்கறீங்களா?"

"என்ன கேட்டே?"

"மருந்து! ஒழுங்கா எடுக்கறீங்களா?"

"ஒரு நாள் தவறலம்மா" என்றாள் தையல்காரம்மா, முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் பெருமையோடு.

அவள் திரும்பி வந்து கை கழுவிக்கொண்டாள். அன்று இரண்டு குடுவை உடைந்தது. கழுவுகிறவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார்.

நான்காம் வாரம் நேர்காணல் நன்றாக நடந்தது. பொறுமையைப் பற்றித்தான் கேட்டார்கள். ஐந்தாம் வாரம் தேர்வான செய்தி வந்தது. அம்மா தொலைபேசியைக் கீழேயே வைக்கவில்லை. சித்தி அன்றைக்கு வந்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். இடம் கிடைத்த பிறகும் அவள் வார்டுக்குப் போகவில்லை. முன்னாலேயே தெரியும் என்று இப்போது போய் எப்படிச் சொல்வது? தாமதித்த ஒவ்வொரு நாளும் அடுத்த நாளையும் தாமதிக்க வைத்தது. மிச்சம் இருந்த ஊசிகளைத் தையல்காரம்மா ஒருக்களித்துப் படுத்து வாங்கிக்கொண்டாள்.

ஆறாம் வாரம் முடிந்தது. குழாய்கள் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தன. பேராசிரியை தாளில் கையெழுத்திட எடுத்துக்கொண்டது அரை நிமிஷம். பேனாவை மூடிக்கொண்டே, "இதையே கட்டுரையாக்கிடலாம். 'ஆய்வுக்கூடத் தவறைத் தானே கண்டறிதல்'. எந்த லேபும் தன் தப்பைத் தானே சொல்லாது, நாம சொல்றோம். முதல் பேரு உன்னோடதே" என்றார். பிறகு எதையோ நிறுத்துப் பார்த்தவர் போல, "கன்ட்ரோலை இனிமே கடைசியில வச்சுடுவோம்" என்றார்.

தாளை வார்டுக்கு எடுத்துப் போனவள் அவளே. தையல்காரம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பினாள். இரண்டு காதும் அடியோடு போயிருந்தது. இது திரும்பி வருகிற வகை அல்ல என்பதை இவள் பாடத்திலேயே படித்திருந்தாள். தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினாள்: உங்களுக்குக் காசநோய் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. ஆய்வுக்கூடத்தில் நடந்த தவறு.

தையல்காரம்மா உதடசைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்து முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். தன் குரல் தனக்கே கேட்காததால், வார்டு முழுக்க அதிரக் கேட்டாள்: "அப்ப என் தங்கச்சியால வரலையா?"

இல்லை என்று இவள் தலையாட்டினாள்.

"ஐயோ, அந்தப் புள்ளைய நான் என்ன பாடு படுத்திட்டேன்!" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தாளை மறுபடி பார்த்தாள். பிறகு தாளை இவளிடமே நீட்டினாள். "இது எப்பம்மா தெரிஞ்சுது?"

பேனா கையில்தான் இருந்தது. தாளில் இடமும் நிறைய இருந்தது. அவள் ஒரு சொல் எழுதினாள்: நேற்று.

தையல்காரம்மா அதைப் படித்தாள். பேனா பிடித்த கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நேத்து தெரிஞ்சு இன்னைக்கே ஓடியாந்துட்டியே, தாயி! எத்தனை பேருக்கு இந்த மனசு வரும்? கேட்டீங்களா எல்லாரும்? நேத்துதான் தெரிஞ்சுதாம், இன்னைக்கே ஓடியாந்திருக்கு இந்தப் புள்ள!"

அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. கட்டில் கட்டிலாக எல்லோரும் திரும்பி, முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களால் அவளை நன்றியோடு பார்த்தார்கள்.